மூன்று மாவட்டங்களில் பாடம் நடத்தினால் எவை கூட்டிக் கணக்கிடப்படும்?

கேள்வி: கலிபோர்னியாவில் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேரமாகக் கணிதம் கற்பிக்கிறேன். மூன்றும் வெவ்வேறு கல்லூரி மாவட்டங்களை (கல்லூரிகளை நடத்தும் தனித்தனி நிர்வாக அமைப்புகளை) சேர்ந்தவை. இந்தப் பருவத்தில் முறையே 5, 4, 3 யூனிட் (பாடப் பளுவின் அளவு) வகுப்புகள் எனக்குக் கிடைத்துள்ளன. இவ்வளவு உழைத்தும் மருத்துவக் காப்பீடு இல்லை. கோடையில் வருமானமும் இல்லை. எனக்கு என்ன உரிமை உண்டு?

பதில்: முழுநேரப் பணி 15 யூனிட் என்று கொண்டால், நீங்கள் அதில் 80 சதவீதத்தைச் செய்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனி வேலை வழங்குநர் என்பதால், எந்த உரிமைக்கு மூன்றையும் கூட்டலாம், எதற்குக் கூட்ட முடியாது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பகுதிநேர ஆசிரியர் ஒருவருக்கு முழுநேரப் பணியில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு ஒரு மாவட்டத்துக்குள் மட்டுமே பொருந்தும். நீங்கள் அதை மீறவில்லை. உண்மையில் உங்களை மாவட்டம் மாவட்டமாக நெடுஞ்சாலையில் அலைய வைப்பதே இந்த வரம்புதான். இதை உயர்த்தும் மசோதாவை 2022இல் ஆளுநர் நிராகரித்துவிட்டார். பணிமூப்பும் மறுநியமன முன்னுரிமையும் அந்தந்த மாவட்டத்தோடு நின்றுவிடும்.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. பகுதிநேர ஆசிரியர் காப்பீட்டுக்கு மாவட்டங்களுக்கு உதவும் மாநிலத் திட்டத்தின் வரம்பு முழுநேரப் பணியில் 40 சதவீதம்; உங்களுக்கு எந்த மாவட்டத்திலும் அது வரவில்லை. ஆயினும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாவட்டங்களின் பணியைக் கூட்டி 40 சதவீதத்தை எட்டுவோரையும் இத்திட்டம் கணக்கில் கொள்கிறது. ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டாலராக இருந்த இத்திட்டத்தின் நிதி, 2022-23 பட்ஜெட்டில் 20 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. எனினும் திட்டத்தில் சேர்வது மாவட்டத்தின் விருப்பம். ஆசிரியர் சங்கத்துடன் பேசி ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே மாவட்டத்துக்குப் பணம் வரும். ஆகவே மூன்று ஒப்பந்தங்களிலும் பல மாவட்ட ஆசிரியர்களுக்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள். இந்தப் பணம் பேச்சுவார்த்தை மேசைக்கு வராமலே போகும் மாவட்டங்களும் உண்டு என்பதே என் வருத்தம்.

மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் மூன்று இடங்களின் பணியும் பதிவானால் அவை கூட்டப்படும். ஓய்வூதிய உரிமைக்கு ஐந்து ஆண்டுப் பணிக்காலம் தேவை, ஆண்டுக்கு 0.8 வீதம் அது ஆறு ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு திட்டத்தில் கையெழுத்திட்டு இக்கணக்கைச் சிதறவிடாதீர்கள்.

கோடைக்கால வேலையின்மைத் தொகைக்கு மூன்று சம்பளங்களும் சேர்த்தே கணக்கிடப்படும். அடுத்த பருவத்தில் வேலை உண்டு என்ற 'நியாயமான உறுதி' பெற்றவர்களுக்கு விடுமுறையில் இத்தொகை கிடையாது என்பது பொது விதி. ஆனால் மாணவர் சேர்க்கையையும் நிதியையும் பொறுத்தே வகுப்பு நடக்கும் என்ற நிபந்தனையோடு தரப்படும் பணி அத்தகைய உறுதியாகாது என்று 1989இல் செர்விசி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் நியமனக் கடிதத்தில் அந்த நிபந்தனை இருந்தால், அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் அப்படியே குறிப்பிடுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பித்த வாரத்திலிருந்தே கணக்கு தொடங்குவதால், வசந்தப் பருவம் முடிந்தவுடன் தாமதிக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.