காற்றாலை சுற்றுச்சூழலுக்கு நல்லதா? காத்தாடிகளுக்கு நடுவில் வாழ்கிறவனின் பதில்

கேள்வி: காற்றாலை மின்சாரம் சுத்தமானது என்கிறார்களே, அதனால் இயற்கைக்குக் கெடுதலே கிடையாதா?

எனக்கு ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, பணகுடிப் பக்கம். முப்பந்தலிலிருந்து ராதாபுரம் வரை எங்கே திரும்பினாலும் காத்தாடிதான். எங்கள் ஊரில் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடி என்றுதான் சொல்வோம். வைகாசிக் கடைசியில் மலை இடைவெளி வழியாகக் காற்று இறங்கினால், புரட்டாசி வரை ஓயாது.

கெடுதல் உண்டு. ஆனால் நிலக்கரியோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை. கட்டுவது முதல் கழற்றி எடுப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2014-இல் போட்ட கணக்கின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான புகையை விடுகிறது. காற்று சுமார் 11 கிராம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கம். அங்கே மொட்டை மாடியில் வடகம் காயப்போட முடியாது, சாயங்காலத்துக்குள் சாம்பல் படிந்துவிடும். எங்கள் ஊரில் காத்தாடிக்கு அடியிலேயே ஆடு மேய்கிறது. உச்சி வெயிலில் தூணின் நிழல் எவ்வளவு அகலமோ அதற்குள் ஆடுகள் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். நிழல் நகர நகர அவையும் எழுந்து நகரும்.

காத்தாடி மழை மேகத்தை விரட்டிவிடுகிறது என்று ஊரில் பலரும் நம்புகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. நான் கண்ணால் பார்த்த கெடுதல் தரையில் நடந்தது. இறக்கை ஏற்றி வரும் நீளமான டிரெய்லர் திரும்புவதற்காக, எங்கள் குளத்துக்கு வரும் ஓடையின் குறுக்கே சரளை கொட்டிப் பாதை போட்டார்கள். அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் மட்டும். ஐப்பசி மழையில் உடைமுள்ளும் மண்ணும் வந்து குழாயை அடைத்தது. தண்ணீர் பாதை ஓரமாகவே ஓடி அடுத்தவர் விளைக்குள் பாய்ந்தது. குளத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லை. இதைக் காற்றின் குற்றம் என்று சொல்ல முடியுமா? ஓடை எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் பாதை போட்ட குற்றம்தானே.

பறவை விஷயத்திலும் இடம்தான் முக்கியம். நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே கூடு கட்டும்; குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும். உடல் கனத்த பறவைகளால் சட்டென்று திரும்ப முடியாது. கீழிருந்து பார்க்க மெதுவாகச் சுற்றுகிற மாதிரி இருந்தாலும், பெரிய காத்தாடியின் இறக்கை நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகும். நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்புச் சாயம் அடித்துப் பார்த்தார்கள். பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. சோதித்தது நான்கே காத்தாடிகளில்தான், ஆனாலும் இங்கேயும் செய்து பார்க்கலாமே என்று எனக்கு ஆதங்கம். வௌவால் சாவைக் குறைக்க இன்னும் எளிய வழி உண்டு: காற்று மெலிந்த இரவுகளில் காத்தாடியை நிறுத்தி வைத்தால் போதும். அந்த நேரத்தில் கிடைக்கிற மின்சாரமும் குறைவுதான்.

அப்புறம் பழைய இறக்கைகள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை என்பதால் இரும்பைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. தமிழ்நாட்டில் 1990-களில் நட்ட சின்னக் காத்தாடிகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடும் காலம் இது. கழற்றிய இறக்கை எங்கே போகும் என்பதைப் புதிதாக அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

உங்கள் ஊருக்குக் காத்தாடி வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாதை போகும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தடத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தப் பள்ளத்தில் ஐப்பசித் தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும். அங்கே குழாய் போதாது, பாலம் வேண்டும் என்று ஜல்லி இறங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.