குளிர் நாட்டில் எலுமிச்சை, ஆரஞ்சு எப்படி வளர்க்கிறார்கள்?

வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியேற விடாமல் பிடித்து வைக்கும் கண்ணாடி அல்லது பாலித்தீன் வீடுதான் பசுமைக்குடில். சித்திரை மாசம் கோயமுத்தூரில் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரைத் திறந்து பாருங்கள், ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. அதே சங்கதிதான் இங்கேயும்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் சுமார் 13 டிகிரிக்குக் கீழே வளர்வதில்லை. உறைபனி பட்டால் எலுமிச்சைத் துளிர் கருகிவிடும். ஈரோட்டுத் தோட்டத்தில் நமக்கு அந்தக் கவலை கிடையாது, ஐரோப்பாவில்தான் பெரும்பாடு. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1680-களில் இதற்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டினார்கள். மரப்பெட்டிகளில் வளரும் மரங்களை இன்றும் குளிர்காலத்தில் அதற்குள் நகர்த்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

குடில் தானாகவே சூடு உண்டாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பகலில் சேர்த்த சூடு இரவில் இறங்கிவிடும், கடுங்குளிரில் ஹீட்டர் வைத்தே ஆகவேண்டும்.