பாய்லருக்குப் புதுத் தண்ணீர் ஆகாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியேட்டர் வைத்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பற்றி வந்த கேள்விகளில், தண்ணீர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். குளிக்க வெந்நீர் தரும் ஹீட்டரில் தண்ணீர் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். இங்கே அப்படியில்லை. ஒருமுறை நிரப்பிய தண்ணீரே பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வருடக்கணக்கில் சுற்றிவருகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கேள்வி: மாடி வீடு, பாய்லர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தண்ணீர் நிரப்பும்போது பிரஷர் எவ்வளவு வைக்க வேண்டும்?

பிரஷர் கேஜ் இருக்கும் இடத்திலிருந்து, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரேடியேட்டரின் உச்சிவரை எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வேண்டும். 6 மீட்டர் என்றால் 0.6 பார். உச்சியிலும் கொஞ்சம் அழுத்தம் இருக்க அதோடு 0.3 கூட்டினால் 0.9 பார். பெரும்பாலான வீடுகளுக்கு 1 முதல் 1.5 பாருக்குள் அடங்கிவிடும். பாய்லர் ஆறியிருக்கும்போது மட்டுமே இந்த அளவைப் பாருங்கள். சூடேறினால் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கூடுதலாகவே இருக்கட்டும் என்று ஏற்றி வைக்க வேண்டாம். பிரஷர் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வு 3 பாரில் திறந்துகொள்ளும். சில பாய்லர்களில் 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2 பாரிலேயே திறந்துவிடும். உங்கள் வால்வின் மேலேயே அந்த எண் பொறித்திருக்கும்.

கேள்வி: வாரம் ஒருமுறை பிரஷர் குறைகிறது. குழாயைக் கொஞ்சம் திறந்து ஏற்றிவிடுகிறேன். இதில் கெடுதல் உண்டா?

நிச்சயமாக உண்டு. வந்த கேள்விகளிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். குழாய்த் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். முதல்முறை நிரப்பியபோது வந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும், அதோடு துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் வாராவாரம் புதுத் தண்ணீர் விடும்போது அடங்கிய துருவுக்கு மறுபடி தீனி போடுகிறீர்கள். கூடவே கால்சியம் உப்பும் உள்ளே போகிறது. அது குளிர்ந்த இடத்தில் படியாது. பாய்லரில் நெருப்பு படும் பாகத்தில்தான், உலோகம் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கேதான், பொருக்காகக் கட்டும். அதன்பின் அந்த இடத்துச் சூடு தண்ணீருக்கு இறங்காமல் உலோகமே வெந்து விரிசல் விடும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால், வெளிப்பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பிடித்துச் சில நிமிடம் வையுங்கள். மை போன்ற தூள் காந்தம் இருக்கும் பக்கமாக ஒதுங்கி நிற்கும். அது மேக்னடைட், உங்கள் ரேடியேட்டரின் இரும்புதான் கரைந்து அப்படி வந்திருக்கிறது.

ஆகவே குழாயை மூடிவிட்டு, தண்ணீர் போகும் வழியைத் தேடுங்கள். சூடான பைப்பில் கசியும் நீர் சொட்டுவதற்குள் ஆவியாகிவிடும். ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. இணைப்புகளில் வெள்ளைப் பொருக்கோ பச்சைக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். சேஃப்டி வால்வின் குழாய் முடியும் இடத்தில் ஒரு காய்ந்த கிண்ணத்தை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அகப்படவில்லை என்றால் தரைக்கு அடியில் போகும் பைப்பையோ பாய்லரின் உட்பகுதியையோ சந்தேகிக்க வேண்டும். அதை டெக்னீஷியன்தான் பார்க்க முடியும்.

கேள்வி: சூடானால் முள் 3 வரை போகிறது, ஆறினால் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?

கேஜ் நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்பான்ஷன் டேங்கைப் பாருங்கள். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் சுமார் 3 சதவீதம் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுக்கத்தான் டேங்கில் ரப்பர் தடுப்புக்குப் பின்னால் காற்று அடைத்திருக்கிறார்கள். காற்று இறங்கிவிட்டால் பெருகிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. சேஃப்டி வால்வு வழியாக வெளியேறும், ஆறியதும் பிரஷர் விழும், நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள். மேலே சொன்ன துருக் கதை இப்படித்தான் பல வீடுகளில் தொடங்குகிறது.

டேங்கில் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு ஒன்று இருக்கும். அதன் நடு ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, டேங்கை மாற்றியே ஆக வேண்டும். காற்று வந்தால், பாய்லர் ஆறியபின் தண்ணீர்ப் பக்கத்துப் பிரஷரை முழுக்க இறக்கிவிட்டு, நீங்கள் நிரப்பும் பிரஷர் அளவுக்குக் காற்று அடிக்கலாம். தண்ணீர்ப் பிரஷரை இறக்காமல் அளந்தால் கிடைக்கும் எண்ணால் பயனில்லை.

ஒழுகுகிறதே என்று சேஃப்டி வால்வின் வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாய்லர் வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான்.

கேள்வி: நிரப்பி முடித்தேன். மாடி ரேடியேட்டரின் மேல்பாதி சூடாகவில்லை, களகளவென்று சத்தம்.

காற்று மாட்டியிருக்கிறது. பம்பை நிறுத்துங்கள். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மேலே போங்கள். காற்றுத் திருகை அரைச்சுற்றுத் திருப்பி, கீழே துணி பிடியுங்கள். சீறல் நின்று தண்ணீர் ஒரே சீராக வந்ததும் மூடுங்கள். பிறகு பிரஷரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சூடேற்றியபின் கரைந்திருந்த காற்று பிரிந்து வரும் என்பதால் ஓரிரு நாள் கழித்து மறுபடி ஒருமுறை செய்வது நல்லது. மாதக்கணக்கில் காற்று சேர்ந்துகொண்டே இருந்தால் அது காற்றாக இல்லாமலும் போகலாம். துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அது எரியக்கூடியது. திருகைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது நல்லதுதானே?

இல்லை. பழுது பார்க்கவோ கழுவவோ தேவைப்பட்டால் ஒழிய வடிக்க வேண்டாம்.

கேள்வி: துருப்பிடிப்பதைத் தடுக்கும் மருந்தான இன்ஹிபிட்டரை ஊற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

ஊற்றுங்கள். ஆனால் முதலில் உள்ளே இருக்கும் சகதியைக் கழுவி எடுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரில் ஊற்றும் மருந்து பாதி வீண். பாய்லருக்குத் திரும்பி வரும் பைப்பில் காந்த ஃபில்டர் ஒன்றும் போட்டுவிட்டால் மேக்னடைட் உள்ளே போகாது. இரண்டு கம்பெனி மருந்தைக் கலக்காதீர்கள். பாய்லரின் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம், அலுமினியமா என்று கேட்டு, அதற்கு ஏற்றதை வாங்குங்கள். தண்ணீரின் காரத்தன்மை ஏறினால் அலுமினியம் அரிக்கும். சாஃப்ட்னர் தண்ணீரை, அதாவது கருவி வைத்துக் கால்சியத்தை நீக்கிய தண்ணீரை, நிரப்ப அலுமினிய பாய்லர்காரர்கள் பலர் சம்மதிக்காததற்கும் இதுவே காரணம். மருந்தின் அளவை வருடம் ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். கார் ஆன்டிஃப்ரீஸ் மீதி இருக்கிறது, ஊற்றலாமா?

கூடாது. கார் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம். எங்காவது குடிநீரோடு கலந்தால் உயிருக்கு ஆபத்து. அதில் உள்ள சிலிகேட் பாய்லருக்குள் கூழாகக் கட்டவும் கூடும். ஹீட்டிங்குக்கென்றே விற்கும் புரோப்பிலீன் கிளைக்காலை, பாய்லர் கம்பெனி அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள். 30 சதவீதக் கலவை சுமார் மைனஸ் 13 டிகிரி வரை உறையாது, 50 சதவீதக் கலவை சுமார் மைனஸ் 33 வரை. இருபது சதவீதத்துக்கும் கீழே நீர்த்துப்போனால் பாக்டீரியா வளர இடம் கொடுத்துவிடும். காலப்போக்கில் கிளைக்கால் அமிலமாகும், எனவே பிஎச் அளவை வருடாவருடம் பார்க்க வேண்டும். தானாக நிரப்பும் குழாயை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் கசிந்த கிளைக்காலுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், குளிர் வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், தேவையில்லாமல் கிளைக்கால் வேண்டாம். அது சூட்டைக் கொஞ்சம் குறைவாகவே சுமக்கும், பம்புக்கும் வேலை கூடும். மின்சாரம் நாள்கணக்கில் போகாத இடமென்றால் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்துவிட்டு, யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்லிப் போங்கள்.

கேள்வி: தண்ணீர் வற்றிப்போய் பாய்லர் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. உடனே குழாயைத் திறக்கலாமா?

திறக்காதீர்கள். காய்ந்த சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு பிளக்கும், நீராவி பீறிட்டு அடிக்கும். கேஸையும் கரண்டையும் நிறுத்திவிட்டு, பல மணி நேரம் ஆனாலும் சரி, தானாக ஆறவிடுங்கள். டெக்னீஷியன் வந்து, தண்ணீர் ஏன் வற்றியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தபின் நிரப்பிக்கொள்ளலாம்.