வாசகர் கேள்வி–பதில்: மனநலக் கிளினிக்கின் கேஸ் ஷீட்டைக் கணினியில் ஏற்றும் முன்

கேள்வி: தென் மாவட்டத் தலைநகர் ஒன்றில் புறநோயாளிகளுக்கான மனநலக் கிளினிக் நடத்திவருகிறேன். என்னுடன் உளவியலாளர் ஒருவரும் வரவேற்பில் இருவரும் பணிபுரிகிறார்கள். காகிதக் கேஸ் ஷீட்டுகள் அலமாரிகளை நிறைத்துவிட்டதால், மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாற எண்ணியிருக்கிறேன். பல நிறுவனங்களின் பிரதிநிதிகள் வந்து விளக்கிவிட்டுச் சென்றார்கள். எல்லா மென்பொருள்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது? உறவினர் ஒருவர் குறைந்த செலவில் எழுதித் தருவதாகவும் சொல்கிறார். அதை ஏற்கலாமா?

— மனநல மருத்துவர்

பதில்: அவை ஒன்றுபோலத் தெரிந்ததில் வியப்பில்லை. விளக்க வருபவர்கள் டோக்கன், ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு ஆகியவற்றையே காட்டுவார்கள். அவை குழந்தை மருத்துவருக்கும் எலும்பு மருத்துவருக்கும் உங்களுக்கும் பொதுவானவை. உங்கள் துறைக்கே உரிய கேள்வி, இந்தப் பதிவேட்டில் யார் எதைப் பார்க்க முடியும் என்பதுதான். அதற்குச் சரியான விடை தராத மென்பொருள், மற்ற வசதிகள் அனைத்திலும் முந்தி நின்றாலும், மனநலக் கிளினிக்குக்கு ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த முறை பிரதிநிதி வரும்போது, மருத்துவரின் கணக்கில் அல்லாமல் வரவேற்பாளரின் கணக்கில் நுழைந்து ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயர், தொலைபேசி எண், வரவேண்டிய நாள், கட்டணம் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் அங்கே தெரியக்கூடாது. நோயின் பெயரோ மருந்தின் பெயரோ தெரிந்தால், அதை மறைக்க வழி உண்டா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் வரவேற்பில் அமர்ந்திருப்பவர் நோயாளியின் தெருக்காரராகவோ தூரத்து உறவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது; மனநல சிகிச்சை பெறுவது தெரிந்தால் பேசி முடித்த திருமணம் நின்றுவிடலாம், வேலை போகலாம், வழக்கில் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். நம் ஊர்களில் இவை நடக்கின்றன என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இதே கவனம் ரசீதிலும் குறுஞ்செய்தியிலும் வேண்டும். ஒரே கைபேசியை வீட்டில் நால்வர் பயன்படுத்தும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'நாளை உங்கள் மனநல ஆலோசனைக்கு வரவும்' என்று தானாகப் போகும் ஒரு நினைவூட்டல், நோயாளி பல மாதங்களாகக் காத்துவந்த இரகசியத்தை ஒரு நொடியில் உடைத்துவிடும். செய்தியின் வாசகத்தை நீங்களே மாற்றியமைக்கவும், வேண்டாம் என்பவருக்கு அதை அடியோடு நிறுத்தவும் முடிகிறதா என்று பாருங்கள்.

உறவினர் எழுதித் தரும் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். பின்லாந்தில் வாஸ்தாமோ என்றொரு உளவியல் சிகிச்சை நிறுவனம் இருந்தது. அது தன் பதிவேட்டு மென்பொருளைத் தானே உருவாக்கிக்கொண்டது. அந்தத் தரவுத்தளம் முறையான பாதுகாப்பின்றி இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருந்ததால், பல்லாயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் திருடியவர் நிறுவனத்தை மிரட்டியதோடு நிற்காமல், நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, 200 யூரோ மதிப்புள்ள பிட்காயின் தராவிட்டால் சிகிச்சையில் அவர்கள் பேசியவற்றை வெளியிடுவதாக அச்சுறுத்தினார். அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. 2024இல் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், வெளியான குறிப்புகளைத் திரும்பப் பெற எந்தத் தீர்ப்பாலும் இயலவில்லை. எழுதித் தருபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்க ஒரு குழு தேவை. செலவுதான் தடை என்றால், திறந்த மூலத்தில் கிடைக்கும் ஓபன்எம்ஆர்எஸ், அதன்மீது கட்டப்பட்ட பாம்னி போன்றவற்றை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு நிறுவிக்கொள்ளலாம். பாம்னி சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து மருத்துவமனையின் தேவைக்காக நம் நாட்டிலேயே உருவானது. இருந்தாலும், ஒரே மருத்துவர் உள்ள கிளினிக்குக்கு அதைப் பராமரிப்பது சற்றுக் கனமான வேலைதான்.

அடுத்து, சட்டம். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆம் பிரிவில் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்குகிறது. 24ஆம் பிரிவு அவ்வுரிமை மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மென்பொருள் தேர்வை நேரடியாகத் தொடுவது 25ஆம் பிரிவு. நோயாளி தன் அடிப்படை மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை உடையவர். ஆனால், குறிப்பிட்ட ஒரு தகவலை வெளியிடுவதால் அவருக்குக் கடுமையான மனத்துன்பமோ பிறருக்குத் தீங்கோ விளையும் என்றால், அந்தத் தகவலை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்திவைத்தால், மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம் என்பதை நோயாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இதை உங்கள் அன்றாடப் பணியோடு பொருத்திப் பாருங்கள். நோயாளியான மனைவி வெளியே காத்திருக்கும்போது கணவர் தனியே வந்து சில செய்திகளைச் சொல்கிறார். மாமியார் தொலைபேசியில் வேறொன்றைச் சொல்கிறார். இருவருமே 'நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்' என்கிறார்கள். நோயாளியின் வாக்கும் பிறர் தந்த தகவலும் ஒரே பத்தியில் கலந்து தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், நாளை அவர் தம் பதிவைக் கேட்கும்போது பிரித்துத் தரவே முடியாது. ஆகவே, பிறர் தந்த தகவலுக்குத் தனி இடமும், அச்சிடும்போது எந்தப் பகுதி செல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். உளவியலாளரின் அமர்வுக் குறிப்புகளும் இதேபோல் தனி அடுக்கில் இருப்பது நல்லது. பொது மருத்துவத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

விவாகரத்து வழக்குகளில் கேஸ் ஷீட்டை நீதிமன்றம் கேட்பதும் உங்கள் துறையில் புதிதல்ல. எழுதி முடித்த குறிப்பு பூட்டப்பட வேண்டும். பின்னர் திருத்தினால் பழைய வாசகம் அழியாமல், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்கத்திலேயே நிற்க வேண்டும். யார் யார் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவும் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக அளிக்கச் சான்றிதழ் இணைக்க வேண்டும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும் கிளினிக்கில் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிகிச்சை சார்ந்த வசதிகளில் நான் முதலில் பார்ப்பது, சொன்னதைச் சொன்னபடியே எழுத இடம் இருக்கிறதா என்பது. 'ஆம்', 'இல்லை' கட்டங்களை நிரப்பும் படிவம் மட்டுமே இருந்தால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது எல்லா நோயாளிகளும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். மனநிலைப் பரிசோதனையில் நோயாளியின் சொற்களை அப்படியே பதிவு செய்வது உங்கள் மரபு. அவர் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால் பாதி போய்விடுகிறது. யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யவும், அதைத் தேடி எடுக்கவும், சிதையாமல் அச்சிடவும் முடிகிறதா என்று உங்கள் முன்னிலையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் உண்ணும் முறை தமிழில் அச்சாவது நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பெரிய உதவி.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் போன்ற அளவுகோல்களை மென்பொருள் தானே கூட்டித் தருவது எளிய வேலை. அதன் ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் 27இல் 6 மதிப்பெண்ணே பெற்றவர் அந்தக் கேள்விக்கு மட்டும் 2 என்று குறித்திருந்தால், அது தனியே உங்கள் கண்ணில் பட வேண்டும்; மொத்தத்தை மட்டும் பச்சை நிறத்தில் காட்டும் மென்பொருள் ஆபத்தானது. லித்தியம் உண்பவருக்குக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் முடிவுகள் மருந்தின் அளவோடு ஒரே வரைபடத்தில் காலவரிசைப்படி தெரிய வேண்டும். குளோசபின் தொடங்கியவருக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணுப் பரிசோதனை செய்வது பலரும் பின்பற்றும் முறை. அவர் ஒரு வாரம் வராவிட்டால், நோயாளி வரும்வரை காத்திராமல் மென்பொருளே உங்களுக்குச் சொல்ல வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் போன்ற, கடும் கட்டுப்பாட்டுக்குரிய எக்ஸ் அட்டவணை மருந்துக்குச் சீட்டு இரண்டு நகல்களாக வேண்டும் என்பதையும், தொலைமருத்துவ ஆலோசனையில் அதை எழுதக்கூடாது என்று 2020 வழிகாட்டுதல் தடுப்பதையும் அறிந்த மென்பொருளாக இருந்தால் நல்லது.

கிளவுடா, கிளினிக்கிலேயே சர்வரா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மின்வெட்டும் இணையத் தடையும் உள்ள ஊரில், இணைப்பு இல்லாதபோதும் அன்றைய நோயாளிகளின் பக்கங்கள் திறக்க வேண்டும்; அவ்வளவே. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பல நாள்கள் எல்லாம் காகிதத்தில் நடந்ததை மறக்க வேண்டாம். பேக்கப் எடுக்கப்படுகிறது என்ற சொல்லை நம்பாமல், அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தைவிட்டுப் பிரிந்து செல்லும் நாளைப் பற்றி இப்போதே பேசிவிடுவதும் அவசியம்: குறிப்புகள், ஸ்கேன் செய்த பக்கங்கள் உட்பட அனைத்தும் வேறொரு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், கூடுதல் கட்டணமின்றி, எத்தனை நாளில் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். இலவசமாகத் தருகிறோம் என்பவரிடம் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைப் பயன்படுத்துகிறோம் என்பார்கள். வயது, ஊர், அரிதான மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயரே தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்புத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அதில் இடமுண்டு. பொறுப்பு மென்பொருள் நிறுவனத்தின் தலையில் மட்டும் விழும் என்று எண்ண வேண்டாம்.

காகிதத்திலிருந்து மாறும்போது பழைய கேஸ் ஷீட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் ஏற்ற முயல வேண்டாம். வருகிறவரின் பதிவை, அவர் வரும் நாளில் ஒரு பக்கச் சுருக்கமாக ஏற்றிக்கொண்டே போங்கள்.

கேள்வி: நான் சில ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்கிறேன். என் மருத்துவர் இப்போது எல்லாவற்றையும் கணினியில் பதிகிறார். வரவேற்பில் ஆபா எண்ணும் கேட்டார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? சில செய்திகளை எழுத வேண்டாம் என்று சொல்லலாமா?

— வாசகி, திருச்சி

பதில்: ஆபா எனப்படும் 14 இலக்க எண், மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் அடையாள எண். அது விருப்பத்தின் பேரிலானது, அதைத் தராததற்காக உங்களுக்குச் சிகிச்சை மறுக்கப்படக்கூடாது. தந்தாலும், ஓரிடத்தில் உள்ள பதிவை இன்னோர் இடம் பார்க்க உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. பல் மருத்துவரிடம் காட்டும் பதிவோடு மனநலப் பதிவும் சேர வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. தயங்காமல் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

எழுத வேண்டாம் என்று கேட்பதில் தவறில்லை. ஆயினும் மருந்து, அதனால் வந்த பக்கவிளைவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றை மருத்துவர் எழுதாமல் விட முடியாது. அவர் விடுமுறையில் இருக்கும் நாளில் உங்களைப் பார்க்கும் இன்னொரு மருத்துவருக்கு அவை தெரிந்தாக வேண்டும். மற்றவர்களைப் பற்றிய விவரங்களையும், பெயர்களையும், சிகிச்சைக்குத் தேவைப்படாத நிகழ்ச்சிகளையும் தவிர்க்கலாம். இதை மருத்துவரிடமே நேரில் கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்தில் எவற்றைப் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அக்கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை உளவியல் ஆலோசனை அமர்வில் பயன்படுத்தலாமா?

— உளவியலாளர், கோவை

பதில்: ஒலிப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது, செயலியைப் பயிற்றுவிக்கப் பயன்படுகிறதா என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்காதவரை வேண்டாம். விடை கிடைத்தாலும், எதிரே இருப்பவர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே தொடங்குங்கள். வட்டார வழக்கில், அழுகையினூடே வரும் பேச்சை அது தவறாக எழுதினால் பொருளே மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு குறிப்பையும் அன்றே நீங்கள் படித்துத் திருத்திக் கையொப்பமிட வேண்டும். அதற்கு நேரம் இல்லாத நாளில் பழையபடி கையாலேயே எழுதுங்கள்.