கேளுங்கள், கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்: மழைக்காலமும் குதிரைக் காலும்

கேள்வி: ஊட்டி ஏரிப் பக்கம் சவாரிக்கு இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன். ஜூனில் மழை பிடித்ததிலிருந்து சவாரி குறைவு. பகலில் வீட்டுக்குக் கீழே உள்ள புல்வெளியில் மேய அவிழ்த்துவிடுகிறேன். மாலையில் முழங்கால்வரை சேற்றோடு வரும். தினமும் குழாயடியில் நிறுத்திக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவித்தான் கட்டுகிறேன். அப்படியும் செவலையின் பின்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே பொருக்குப் பொருக்காகப் புண். தொட்டால் காலைத் தூக்குகிறது. கறுப்புக்கு ஒன்றுமில்லை. கழிவு ஆயில் தடவச் சொல்கிறார்கள். மேய விடுவதையே நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: ஆயில் கிட்டேயே வரக் கூடாது. மேய விடுவதை நிறுத்தவும் வேண்டாம். நாள் முழுக்கக் கொட்டடியில் நின்றால் காலில் நீர் கோக்கும், வயிற்று வலியும் வரும். நிறுத்த வேண்டியது அந்தக் குழாயடிக் குளியலைத்தான்.

அக்கறையாகச் செய்கிறவரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நாற்று நடுகிறவர்கள் காலில் வருமே சேற்றுப்புண், கிட்டத்தட்ட அதே கதை. தோல் ஊறி மெத்தென்று ஆனதும், டெர்மட்டோஃபிலஸ் என்ற கிருமி சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். உங்கள் செவலை பகலெல்லாம் ஈரத்தில் நிற்கிறது. மாலையில் நீங்கள் மறுபடி நனைக்கிறீர்கள். அந்த ஈரத்தின் மேல் எண்ணெய் தடவுவது பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஊட்டிக் குளிரில் அந்த மயிர் விடியும்வரை காயாது. அப்புறம், செவலைக்குப் பின்னங்கால் இரண்டும் வெள்ளையாக இருக்குமே? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன். வெள்ளை மயிருக்குக் கீழே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலில்தான் இது சீக்கிரம் பிடிக்கும். கறுப்பு தப்பித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி மாலையில் வந்ததும் சேற்றோடு அப்படியே கட்டுங்கள். கீழே காய்ந்த மரத்தூளோ வைக்கோலோ தாராளமாகப் போடுங்கள். மூத்திரம் ஊறிய படுக்கையும் ஈரம்தான். காலையில் சேறு காய்ந்து மண்ணாகியிருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். கழுவியே தீர வேண்டிய நாளில், பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி ஒற்றி, குளம்புக்கு மேல் பின்பக்கக் குழிவில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் உலர்ந்து வந்தால்தான் வேலை முடிந்தது.

இப்போது இருக்கிற புண்ணுக்கு வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு பெண்குதிரைக்குப் பொருக்கை எல்லாம் நகத்தால் பிய்த்து எடுத்தேன். அடியில் மயிர் கொத்தாக, வர்ணம் அடிக்கும் பிரஷ் முனை மாதிரி, மஞ்சள் சீழோடு வந்தது. பரவாயில்லை, வேர் வரைக்கும் எடுத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் கால் வாழைத்தண்டு போல வீங்கி நின்றது. முந்தின நாள் அது விட்ட உதையில் என் தொடையும் வீங்கித்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பிய்க்காதீர்கள். ராத்திரி பொருக்கின் மேல் மட்டும் லிக்விட் பாரஃபின் தடவி ஊறவிடுங்கள். ஊறவைக்கத்தான் இந்த எண்ணெய். தினப்படிப் பூச்சுக்கு அல்ல. மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் போவிடோன் அயோடினை பால் விடாத லைட் டீயின் நிறம் வரும்வரை கலந்து, புண்ணில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தானாகக் கழன்று வருகிற பொருக்கை மட்டும் எடுத்துக் குப்பையில் போடுங்கள். தரையில் விட்டால் கிருமியும் அங்கேயே கிடக்கும். அலசி, முழுக்க உலர்த்துங்கள். இதையும் தினமும் செய்ய வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். புண் இருக்கிற இடத்தில் மயிரைக் கத்தரியால் குட்டையாக வெட்டலாம். நல்ல காலில் வெட்டாதீர்கள், அந்த நீள மயிர் வழியாகத்தான் தண்ணீர் சொட்டி இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அபூர்வமாக மனிதருக்கும் ஒட்டும். செவலைக்குப் போட்ட பிரஷ்ஷைக் கறுப்புக்குப் போடக் கூடாது.

கால் சூடாக வீங்கினாலோ, நொண்டினாலோ, உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ மருத்துவரை வரவழையுங்கள். வெயில் நாளிலும் வெள்ளைத் தோலில் மட்டும், மூக்கிலும் சேர்த்துப் புண் வந்தால் ஈரல் கோளாறாகவும் இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்றும் பாருங்கள். குதிரைக்கு அது மாட்டைவிடச் சுலபமாக வரும்.

இனி அந்தப் புல்வெளி. முழுக்கவா சேறு? இருக்காது. படல் அருகில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, புல் போடுகிற இடத்தில்தான் இருக்கும். சாயங்காலம் தீனி வரும் என்று இரண்டும் படலோரம் நின்று மிதித்து மிதித்துக் கூழாக்கியிருக்கும். தொட்டியையும் புல்லையும் சரிவின் மேட்டுப் பக்கத்துக்கு மாற்றுங்கள், செலவே இல்லை. படலுக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஜல்லி கொட்டுவதானால் சேற்றை அரையடி வழித்தெடுத்துவிட்டுக் கொட்ட வேண்டும். சேற்றின் மேலேயே கொட்டினால் ஒரு மழையில் உள்ளே போய்விடும். அடைமழை நாளில் இரண்டு மணி நேரம் மேய்ந்தால் போதும். தினமும் சில மணி நேரமாவது கால் ஈரமே இல்லாமல் நன்றாக உலர்ந்து கிடக்க வேண்டும்.

கேள்வி: மெரினாவில் சவாரிக் குதிரைகளைக் கடல் தண்ணீரில் நிறுத்துகிறார்களே, காலுக்கு நல்லதா?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: ஓடிக் களைத்த காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் இதம்தான். ஆனால் உப்பையும் மணலையும் அப்படியே காயவிட்டால் தோல் வறண்டு வெடிக்கும். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசித் துடைத்துவிட வேண்டும். அலசி முடித்ததும் குளம்பையும் தூக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் முக்கோணச் சதையின் இடுக்கில் கறுப்பாகப் பிசுபிசுத்து நாற்றம் அடித்தால் அங்கேயும் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.