லிலியல் கலந்த லோஷனைக் கர்ப்பிணி பூசலாமா?

உங்கள் கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் அண்ணன் ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த பாடி லோஷனின் லேபிளில் 'பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரொப்பியோனல்' என்று இருக்கிறது. அங்கே அதைத் தடை செய்துவிட்டார்களாமே, நான்கு மாதக் கர்ப்பிணியான மனைவி பூசிக்கொள்ளலாமா?

வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் இதுவரை பூசியதை நினைத்து இருவரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. சந்தேகம் மனதை அரித்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த நீண்ட பெயரின் வணிகப் பெயர் லிலியல். 'லில்லி ஆஃப் த வேலி' என்ற சிறு வெள்ளைப் பூவின் மணம் அது. மல்லிகையிலிருந்து எடுப்பதைப்போல அந்தப் பூவிலிருந்து வணிக அளவில் மணச்சாறு எடுக்க முடிவதில்லை. அதனால் ஆய்வகத்தில் செய்த இந்த மணம் ஷாம்பூ, சோப்பு, கிரீம், டியோடரன்ட் என எல்லாவற்றிலும் புகுந்துகொண்டது.

எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த ஆய்வுகளில் ஆண் எலிகளின் விந்தகம் பாதிக்கப்பட்டது. கருவுக்கும் தீங்கு நேரலாம் என்ற ஐயம் எழுந்தது. அதன் பேரில் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் இதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரும் பொருள்களின் '1பி' பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவில் சேர்ந்த பொருளுக்குத் தனியாக விலக்குக் கிடைத்தால் மட்டுமே அழகுசாதனங்களில் இடம் உண்டு. லிலியலுக்குக் கிடைக்கவில்லை. 2022 மார்ச் 1 முதல் தடை. கடை அலமாரியில் மிச்சம் இருந்த பழைய சரக்கையும் விற்க முடியாது.

விலக்குக் கிடைக்காமல் போன காரணம்தான் உங்களுக்கு முக்கியம். ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2019இல் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய சிக்கல் தெரியவில்லை. ஆனால் யாரும் ஒரே ஒரு பொருளோடு நாளைக் கழிப்பதில்லையே! எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது எனக் குழு முடிவு செய்தது.

இது எனக்கு உறைத்தது என் தங்கை கருவுற்றிருந்தபோதுதான். அவள் குளியலறை அலமாரியில் இருந்ததையெல்லாம் மேசைமேல் பரப்பி லேபிள்களைப் படித்தேன். ஷாம்பூவில், கைக்கிரீமில், டியோடரன்டில் என மூன்றிலும் இதே பெயர். ஒன்றை மட்டும் படித்திருந்தால் இவ்வளவுதானே என்று விட்டிருப்பேன். துணிக்கான கண்டிஷனரிலும் அது இருந்தது; துணிக்கானவற்றை அழகுசாதனச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை.

ஆகவே லோஷனோடு நிற்காமல் வீட்டில் உள்ள மற்றவற்றையும் பாருங்கள். உடலிலேயே தங்குபவற்றை, அதாவது லோஷன், கிரீம், டியோடரன்ட் ஆகியவற்றை, முதலில் ஒதுக்குங்கள். கழுவிவிடும் ஷாம்பூ அடுத்தது. தடைக்கு முன்பும் ஐரோப்பாவில் பூசும் பொருளில் 0.001 சதவீதத்தையும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் லிலியலின் பெயரை லேபிளில் எழுதியே தீர வேண்டியிருந்தது. ஒவ்வாமை தரக்கூடியது என்பதற்காக வந்த விதி அது. அதனால்தான் உங்கள் கண்ணில் அந்தப் பெயர் பட்டது. எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. வெறுமனே 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராகிரன்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே லிலியல் இருக்கிறதா என்று பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் புட்டியைத் தொட வேண்டாம்.