கைகழுவ வேண்டாம், கத்தவும் வேண்டாம்

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. சென்னையில் இருக்கிறாள், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை அடிப்பார். இரண்டு முறை நானே போய்க் கூட்டிவந்தேன். இரண்டு முறையும் பத்து நாளில் திரும்பிப் போய்விட்டாள். போன மாதம் மறுபடி அடி. பொறுக்க முடியாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, போலீசுக்குப் போவேன் என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து தங்கை என் போனை எடுப்பதில்லை. சென்னையில் பிசிவிசி என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, அவர்களிடம் பேசிப் பார் என்கிறார் பக்கத்து வீட்டு டீச்சர். அம்மாவோ, “அவங்க குடும்பத்தைப் பிரிச்சு விட்டுடுவாங்க” என்று பயப்படுகிறார். நான் இனியும் தலையிடலாமா, இல்லை கைகழுவிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: கைகழுவ வேண்டாம் அம்மா. ஆனால் மாப்பிள்ளைக்குப் போன் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் கத்தியதற்கான கணக்கை அவர் யாரிடம் தீர்த்திருப்பார்? நீங்கள் கும்பகோணத்தில் போனை வைத்துவிட்டீர்கள். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போனை எடுக்காததைக் கோபம் என்று நினைக்காதீர்கள். போன் அவள் கையிலேயே இல்லாமல் இருக்கலாம். பெண் வீட்டை விட்டுப் போகப்போகிறாள், விஷயம் வெளியே போகிறது என்று தெரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும். இந்த வேலையில் இருப்பவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

அடுத்தது, அவள் திரும்பிப் போனது. எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பல வருடம் முன்பு ஒரு தோழி, வளையல் உடைந்து கீறிய கையோடு என் வீட்டுக்கு வந்தாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “குழந்தை இருக்கு, கொஞ்சம் பொறுத்துப் போ” என்றேன். ஒன்றும் பேசாமல் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், போய்விட்டாள். அப்புறம் அவள் என்னிடம் எதையும் சொன்னதே இல்லை. நீங்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: “விட்டுட்டு வந்துடு” என்கிறீர்கள். ஆனால் இரண்டிலும் அவளைக் கேட்காமல் முடிவெடுத்தது நாம்தான். குழந்தையின் பள்ளிக்கூடம், மாமியார் பீரோவில் இருக்கும் நகை, கையில் காசில்லாமை, பத்தாம் நாள் நம் வீட்டிலேயே யாரோ கேட்ட “எப்போ கிளம்புறே?” இப்படி எத்தனையோ காரணம் இருக்கலாம். எது என்று அவளிடம் கேட்டீர்களா?

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். டீச்சர் சொன்ன நிறுவனம் 2001 முதல் சென்னையில் இயங்குகிறது. வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் தொலைபேசி உதவி, தங்குமிடம் எல்லாம் உண்டு. தீக்காயத்தோடு பிழைத்த பெண்களுக்கென்றே ‘விடியல்’ என்ற மையத்தையும் நடத்துகிறார்கள். “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்று எழுதப்பட்ட எத்தனை கேஸ் ஷீட்டுக்குப் பின்னால் வேறு கதை இருக்கிறது என்பது தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காயம் ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல், விரலை நீட்ட முடியாமல் போகும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், கண்ணாடி பார்க்கிற தைரியம் வேண்டும். அதற்குத் துணை நிற்பவர்களைக் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் என்று சொல்வது நியாயமில்லை.

ஒழுங்காக நடக்கும் எந்த அமைப்பும் “பிரிந்து வா” என்று சொல்வதில்லை. “இப்போது பேசலாமா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்றுதான் தொடங்குவார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அடி நின்றால் போதும், வீட்டிலேயே இருக்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. 2005-இல் வந்து, 2006 அக்டோபரில் நடைமுறையான குடும்ப வன்முறைச் சட்டத்தில் விவாகரத்து கேட்காமலே, அடிக்கக்கூடாது என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் மருமகள் அங்கே தங்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் பதிவு செய்த தொண்டு நிறுவனம், அவள் விரும்பினால், நடந்ததைத் தானே அறிக்கையாக எழுதி அனுப்பலாம். வக்கீல் செலவுக்கும் பயம் வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அதனால் அந்த நிறுவனத்துக்கு முதல் போனை நீங்களே போடுங்கள். தங்கையின் பெயரைக்கூடச் சொல்லாமல், “இப்படி ஒரு நிலை, நான் என்ன செய்யலாம்?” என்று கேட்கலாம். அரசின் பெண்கள் உதவி எண் 181-உம் இலவசம்தான், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

அப்புறம், வாய்ப்புக் கிடைக்கும்போது தங்கையின் ஆதார், பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். காயத்துக்கு ஆஸ்பத்திரி போனால் விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல் உண்மைக் காரணத்தைச் சொல்லி எழுத வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியட்டும். இருவருக்கும் ஒரு அடையாளப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். “அக்கா, நார்த்தங்காய் தீர்ந்துபோச்சு” என்று அவள் சொன்னால், நீங்கள் உடனே அவசர உதவி எண்ணான 112-க்கு அழைத்து அவள் முகவரியைச் சொல்ல வேண்டும். இதை மெசேஜில் எழுதாதீர்கள், நேரில் மட்டும் பேசுங்கள்.

நேரில் எப்படி என்பீர்கள். இப்போதைக்கு நீங்கள் போக வேண்டாம், அம்மா போகட்டும். பேத்தியைப் பார்க்க வந்தேன் என்று முறுக்கு டப்பாவோடு போய் இரண்டு நாள் இருக்கட்டும். அடி, போலீஸ் என்று பேச்சே எடுக்க வேண்டாம். மாப்பிள்ளை வெளியே போன நேரத்தில், “அக்காவுக்கு உன்மேல கோபம் இல்லை. நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, போன் பண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு வரட்டும்.